தெக்லா சம்பெல்லியின் கடைசிச் சாவு

தெக்லா: தொப்பையை அசைக்காதே.

அமில்கரே: அசைக்கலை. மூச்சு விடறேன்.

தெக்லா: செத்துப் போனவனுக்கு எதுக்குய்யா மூச்சு? என் தலை மேலயும் கீழயும் போய்ட்டு வருது. படகுல படுத்திருக்கிற மாதிரி இருக்கு.

அமில்கரே: உன்னை யாரு என் வயித்து மேல வந்து சாகச் சொன்னா? மேடையில எவ்வளவு இடம் கெடக்கு...

தெக்லா: கதையில அப்படித்தானே இருக்கு. காதலன் மார்புல விழுந்து உயிரை விடணும்னு. தேடித்தான் பாத்தேன். மார்பு எங்க முடியுது, தொப்பை எங்க ஆரம்பிக்குதுன்னு ஒண்ணும் புரியலை.

அமில்கரே: முன்னல்லாம் தெளிவா இருந்துச்சு.

தெக்லா: முன்னல்லாம் நீ பூண்டு போட்ட சூப்பைக் குடிச்சுட்டு மேடையேற மாட்டே.

அமில்கரே: குடிச்சேன். அப்ப நீ சொல்லலை.

தெக்லா: ஷ்ஷ்... திரை ஏன் இன்னும் இறங்கலை?

அமில்கரே: என்னைக் கேட்டா? நான் அப்பவே விஷம் குடிச்சுச் செத்தவன். நீதான் இப்போ குத்திக்கிட்டு வந்து விழுந்தே.

தெக்லா: எவரிஸ்தோ! ஏய், எவரிஸ்தோ! பொந்துக்குள்ள தூங்கறியா?

எவரிஸ்தோ: முழிச்சுட்டுத்தாம்மா இருக்கேன். வாயை அசைக்காம பேசுங்க. மேயரோட சம்சாரம் முதல் வரிசையில உக்காந்து, கையில பிடிக்கிற தூரக்கண்ணாடியால உங்களையே பாத்துட்டிருக்காங்க.

தெக்லா: பாட்டை மறந்தா அடியெடுத்துக் குடுக்கத்தானே உன்னை அந்தப் பொந்துல உக்கார வெச்சிருக்கு? எடுத்துக் குடு. இப்ப என்ன அடி?

எவரிஸ்தோ: உங்க அடி எல்லாம் முடிஞ்சு போச்சும்மா. நீங்க செத்ததுக்கு அப்புறம் வெறும் "திரை"ன்னு மட்டும்தான் எழுதியிருக்கு.

அமில்கரே: அந்தத் திரை எங்கேன்னுதான் கேக்கறோம்.

எவரிஸ்தோ: அது வந்து... கயிறு கப்பியில சிக்கிக்கிச்சாம் ஐயா. திரை இழுக்கிற ப்ரிமோ பாத்துட்டிருக்கான்.

அமில்கரே: ரொம்ப நேரம் ஆகுமா?

எவரிஸ்தோ: ப்ரிமோவாச்சே...

தெக்லா: நான் எழுந்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறேன். இதுதான் என் கடைசி ஆட்டம்னு ஊருக்கே தெரியும். என்ன பண்ணிடுவாங்க?

அமில்கரே: எழுந்திரிக்காதே!

எவரிஸ்தோ: எழுந்திரிக்காதீங்கம்மா!

தெக்லா: ஏன் ரெண்டு பேரும் ஒரே சுதியில கத்தறீங்க?

அமில்கரே: இது பார்மா ஊரும்மா. மேல் மாடியில நிக்கிறவனுங்க யாருன்னு மறந்துட்டியா? லொதோவிகோ கதையை மறந்துட்டியா?

தெக்லா: பாவம், அவன் கால் கட்டைவிரலை லேசாத்தானே ஆட்டினான்?

அமில்கரே: செத்ததுக்கு அப்புறம் ஆட்டினான். அன்னியிலேர்ந்து அவன் பேரு "உயிர்த்தெழுந்த லொதோவிகோ". மீசை மழிக்கப் போனாலும் அதே பேரு, காபி குடிக்கப் போனாலும் அதே பேரு. கடைசியில ஊரை விட்டே போயிட்டான். இப்ப தூரின்ல பொத்தான் விக்கிறான்.

தெக்லா: நல்ல குரல் அவனுக்கு.

அமில்கரே: நல்ல குரல்தான். கட்டைவிரல்தான் சரியில்லை.

தெக்லா: இதென்ன, முடிவை மறுபடியும் வாசிக்கிறாங்க?

எவரிஸ்தோ: மேஸ்ட்ரோவுக்கு வேற வழி தெரியலைம்மா. கையை நிறுத்தினா அமைதியாயிடும், அமைதியானா மாடிக்காரங்க விசில் அடிப்பாங்க. அதனால சுத்திச் சுத்தி அதையே வாசிக்கிறார். ட்ரம் அடிக்கிறவர் அழுதுட்டே அடிக்கிறார்.

தெக்லா: என் சாவுக்கா?

எவரிஸ்தோ: கை வலிக்குதாம்.

அமில்கரே: சிரிக்காதே தெக்லா. நீ சிரிச்சா என் வயிறு குலுங்குது.

தெக்லா: நான் எங்க சிரிச்சேன்? அது உன் வயிறு தானா குலுங்குது... யாருய்யா அது, பக்கவாட்டுல உக்காந்துட்டு ஏதோ ஓதிட்டே இருக்கிறது? பாதிரியாரைக் கூப்பிட்டுட்டாங்களா?

எவரிஸ்தோ: மிலான்லேர்ந்து வந்திருக்கிற ரேடியோக்காரர்மா. இத்தாலி முழுக்க நேரடியாப் போகுதில்ல. திரை இறங்கலை, சும்மா இருக்க முடியாது, அதனால உங்க வாழ்க்கை வரலாறை ஆரம்பிச்சுட்டார்.

தெக்லா: என்ன சொல்றான்?

எவரிஸ்தோ: "மலையடிவாரத்தில் ஓர் ஏழை மேய்ப்பனின் குடிசையில் பிறந்து, ஆட்டுக்குட்டிகளுக்குப் பாடிக்காட்டி வளர்ந்த இந்த இசைக்குயில்..."

தெக்லா: மேய்ப்பனா? எங்கப்பா கோயில் மணி அடிக்கிறவரு! ஆடு என்னைப் பாத்தாலே ஓடும்.

அமில்கரே: ஆட்டைச் சொல்லிக் குத்தமில்லை.

தெக்லா: மணி அடிச்சு அடிச்சு அவருக்குக் காது சுத்தமாப் போச்சு. எங்க வீட்டுல உப்பு வேணும்னா கூட நாலு தெரு கேக்கிற மாதிரி கத்தணும். பக்கத்து ஊர்க்காரன் உப்பு எடுத்துட்டு வந்துடுவான். அப்படி வந்த குரல்யா இது. ஆட்டுக்குட்டியாம்!

எவரிஸ்தோ: மெதுவாம்மா... "இதே பார்மா அரங்கில் அவர் முதன்முதலாகத் தோன்றியபோது, ரசிகர்கள் மலர்மாரி பொழிந்து வரவேற்றனர்..."

தெக்லா: மலரா? முட்டைக்கோஸ்! முழு முட்டைக்கோஸ்! இலையைக் கூட உரிக்காம எறிஞ்சானுங்க.

அமில்கரே: எனக்கு ஞாபகம் இருக்கு.

தெக்லா: உனக்கெப்படி ஞாபகம் இருக்கும்? நீ அப்ப பெரிய பாடகனா என்ன?

அமில்கரே: உனக்குப் பின்னாடி ஈட்டி பிடிச்சுட்டு நின்ன சிப்பாய்ங்கள்ல நானும் ஒருத்தன். நீ அந்த முட்டைக்கோஸை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டே. மாடியைப் பாத்து, "இது ஒண்ணு வெச்சு எப்படிய்யா சூப் வைக்கிறது, கூட ரெண்டு கேரட்டும் போடுங்க"ன்னே.

தெக்லா: மாடியே சிரிச்சுடுச்சு.

அமில்கரே: சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள நீ அந்தப் பாட்டை முதல்லேர்ந்து எடுத்தே பாரு... முட்டைக்கோஸ் கக்கத்துலயே இருக்கு. ஒருத்தன் இருமலை. எனக்குக் கை விட்டுப் போச்சு. ஈட்டியைக் கீழ போட்டுட்டேன்.

தெக்லா: கீழயா போட்டே? என் கால்ல போட்டே! அன்னிக்கு நான் எடுத்த உச்சஸ்தாயி இருக்கே, அதைப் பத்தி பேப்பர்ல எல்லாம் எழுதினாங்களே, "வேதனையின் சிகரம்"னு... அது உன் ஈட்டிய்யா!

அமில்கரே: அப்ப உன் புகழ்ல பாதி எனக்குச் சேரணும்.

தெக்லா: கால் நகத்துல பாதி எடுத்துக்கோ.

எவரிஸ்தோ: "வியன்னாவில் ஓர் இளவரசர் இவருடைய காலணியில் ஷாம்பெயின் ஊற்றி அருந்தி..."

அமில்கரே: இது மட்டும் நிஜம்.

தெக்லா: நிஜம்தான். கால் வேர்வைக்குப் போடற மருந்துப் பவுடரை நான் அதுல நிறையக் கொட்டி வெச்சிருந்தேன். பாவம், உதடு ரெண்டும் பன்னு மாதிரி வீங்கி, அவங்க நாட்டுத் தூதர் என்னை வந்து விசாரிச்சாரு.

எவரிஸ்தோ: "இவர் பெயரால் ஒரு கேக், ஒரு தொப்பி, ஒரு ரயில் எஞ்சின்..."

அமில்கரே: அந்த எஞ்சின் ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருக்கா? சரியாத்தான் பேரு வெச்சான்.

தெக்லா: உன் பேரால என்ன இருக்கு? சொல்லேன்.

அமில்கரே: பியாசென்ஸா ஊர்ல ஒரு கழுதை.

தெக்லா: நிஜமாவா?

அமில்கரே: நல்லா கத்துமாம். எனக்குப் பெருமைதான்.

எவரிஸ்தோ: அம்மா... அடுத்ததைச் சொல்லவா, வேண்டாமா?

தெக்லா: சொல்லு. என்னதான் புளுகறான்னு பாப்போம்.

எவரிஸ்தோ: "காதல் வேடங்களில் உலகையே உருகவைத்த இவர், திருமணம் செய்துகொள்ளவே இல்லை. கலையையே கணவனாக வரித்துக்கொண்டார்."

அமில்கரே: ...

தெக்லா: ...

எவரிஸ்தோ: என்ன ரெண்டு பேரும் ஒரேயடியா செத்துட்டீங்க?

தெக்லா: இப்பத்தான் ஒழுங்கா நடிக்கிறோம். நீ உன் வேலையைப் பாரு.

அமில்கரே: எவரிஸ்தோ, அம்மாகிட்ட கேளு. வியாழக்கிழமை கப்பல் ஏறப் போறது நிஜந்தானான்னு.

எவரிஸ்தோ: ஐயா, அவங்க தலை உங்க வயித்து மேலயே இருக்கு. நேரா கேட்டா என்ன?

தெக்லா: எவரிஸ்தோ, அவர்கிட்ட சொல்லு. நிஜந்தான்னு. ஜெனோவாவுலேர்ந்து கப்பல். அர்ஜென்டினாவுல தங்கச்சி வீடு. பெரிய வீடு, மாமரம்... இல்லை, அது என்னமோ ஒரு மரம். இனிமே பாட முடியாது. கடைசி உச்சத்தைப் பிடிக்கும்போது பல்செட்டு ஆடுது. ஒரு நாள் பறந்து போய் மேயர் சம்சாரம் மடியில விழும். அதுக்கு முன்னாடி நானே போயிடறேன்.

எவரிஸ்தோ: கேட்டீங்களா ஐயா? இல்லை, நான் திருப்பிச் சொல்லணுமா? உங்களுக்கு நடுவுல இத்தனை வருஷமா நான் தபால்காரனா ஓடிட்டிருக்கேன். மேடையில ஏறினா கட்டிப் பிடிச்சுக்கிறீங்க. இறங்கினா, "அந்தக் கழுதைகிட்ட சொல்லு, நாளைக்கு ஒத்திகை பத்து மணிக்கு"ங்கறீங்க. நான் போய், "மதிப்புக்குரிய ஐயா அவர்களே"ன்னு மாத்திச் சொல்லணும்.

அமில்கரே: கழுதைன்னா சொன்னா?

எவரிஸ்தோ: நீங்க சொன்னதையும் நான் மாத்தித்தான் சொல்லியிருக்கேன். விடுங்க.

அமில்கரே: சரி, நேராவே கேக்கறேன். தெக்லா, உனக்கு என் மேல என்ன கோவம்?

தெக்லா: கேக்கற பாரு! கேக்கறதுக்கு உனக்கு வாய் வருது பாரு! புவனோஸ் அயர்ஸ்ல நடந்தது மறந்து போச்சா?

அமில்கரே: மறக்கிற விஷயமா அது? கோவப்பட வேண்டியவன் நான். கல்யாணக் காட்சியில முட்டி போட்டு உன் கையைப் பிடிச்சப்ப, பாட்டுக்கு நடுவுல, மெதுவா, நிஜமாவே கேட்டேன். "என்னைக் கட்டிக்கிறியா தெக்லா"ன்னு. பாட்டுல இல்லாத வரி. நீ பாட்டுக்குக் கட்டிப் பிடிச்சுட்டு அடுத்த அடியைப் பாடப் போயிட்டே. ஒரு பதில் கிடையாது.

தெக்லா: பதில் கிடையாதா?

அமில்கரே: முடியாதுன்னாவது சொல்லியிருக்கலாம். அன்னிக்கு ராத்திரி முழுக்க முழிச்சுட்டிருந்தேன். காலையில உன்னைப் பாத்தா, நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே.

தெக்லா: யோவ்... நான் பதில் சொன்னேனேய்யா!

அமில்கரே: எப்ப?

தெக்லா: அப்பவே! கட்டிப் பிடிச்சது எதுக்கு? உன் காதுல சொல்றதுக்குத்தான். சொன்னேன். நீ ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து போய்க் கத்தியை உருவினே. ஆட்டம் முடிஞ்சு என் அறையில பூவெல்லாம் ஓரமா தள்ளி வெச்சுட்டு, புதுசா பவுடர் போட்டுக்கிட்டு, நீ வருவே வருவேன்னு உக்காந்திருந்தேன். விளக்கு அணைக்கிறவன்தான் வந்தான். சரி, கேலிக்குத்தான் கேட்டிருக்கான்னு...

அமில்கரே: எந்தக் காதுல சொன்னே?

தெக்லா: எந்தக் காதா இருந்தா என்ன?

அமில்கரே: சொல்லு தெக்லா. எந்தக் காது?

தெக்லா: இடது காது. ஜனங்களுக்குத் தெரியாத பக்கம்.

அமில்கரே: ...அது கேக்காது.

தெக்லா: என்னது?

அமில்கரே: அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வெரோனால திறந்தவெளியில பாடினோமில்ல? போர்க் காட்சியில பீரங்கி வெடிச்சாங்களே, நான் பக்கத்துலயே நின்னேன். அன்னியோட இடது காது போச்சு. யார்கிட்டயும் சொல்லலை. டெனர் பாடகனுக்குக் காது கேக்காதுன்னா எவன் கூப்பிடுவான்?

தெக்லா: அப்புறம் எப்படிய்யா இத்தனை வருஷமா என்கூட சுதி பிசகாம பாடினே?

அமில்கரே: உன் குரலுக்குக் காது எதுக்கு? நெஞ்செலும்புல வந்து அடிக்குமே.

தெக்லா: அடப்பாவி... அடப்பாவி மனுஷா...

அமில்கரே: நான் பாவியா? நாலு தெருவுக்குக் கேக்கிற மாதிரி உப்பு கேட்டவ நீ! பெரிய பெரிய அரங்குல கடைசி வரிசையில நிக்கிறவனுக்குக் கூட உன் மூச்சு கேக்கும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஏன் கிசுகிசுத்தே?

தெக்லா: வெக்கமா இருக்காதாய்யா?

எவரிஸ்தோ: அம்மா, அழாதீங்க. மை கரைஞ்சு ஐயாவோட சட்டையில ஒழுகுது. ஐயா, நீங்களும் அழாதீங்க, வயிறு குலுங்குது, அம்மாவோட கிரீடம் ஆடுது. மாடியில ஒருத்தன் "பொணத்துக்கு விக்கல்"ங்கறான்.

அமில்கரே: விசில் அடிக்கிறாங்களா?

எவரிஸ்தோ: இல்லை ஐயா. அதான் ஆச்சரியம். அம்மாவோட கடைசிப் பாட்டை அவங்களே பாட ஆரம்பிச்சுட்டாங்க. கேக்குதா? தொப்பியெல்லாம் கழட்டிட்டுப் பாடறாங்க.

தெக்லா: கேக்குது... கேக்குது. ரெண்டாவது வரியில சுதி சேரலை.

எவரிஸ்தோ: அம்மா, அவங்க அழுதுட்டே பாடறாங்க.

தெக்லா: நானும் அழுதுட்டேதான் பாடினேன். சேரலையா என்ன?

அமில்கரே: தெக்லா, மறுபடியும் கேக்கறேன். இந்தத் தடவை வலது காதுல சொல்லு. சந்தேகமே இருக்கக் கூடாது.

தெக்லா: நான் உன் இடது பக்கம் கெடக்கேனே.

அமில்கரே: உருண்டு வா.

தெக்லா: பொணம் எங்கேயாவது உருளுமா? நீதானே லொதோவிகோ கதை சொன்னே?

அமில்கரே: கடைசித் துடிப்புன்னு நினைச்சுப்பாங்க. வா.

தெக்லா: தொப்பையைக் கொஞ்சம் உள்ள இழு... ஏறவே முடியலை. மலை மாதிரி... ஐயோ, என் பாவாடை உன் வாள்ல மாட்டிக்கிச்சு. விடு, விடு...

எவரிஸ்தோ: அம்மா! பாதிப் பொணம் இந்தப் பக்கம், பாதிப் பொணம் அந்தப் பக்கம் நிக்குது! மேயர் சம்சாரம் எழுந்தே நின்னுட்டாங்க! சீக்கிரம் ஏதாவது ஒரு பக்கம் செத்து விழுங்க!

தெக்லா: அப்பாடா... வந்துட்டேன். இதுதானே வலது?

அமில்கரே: இதுதான். தெக்லா சம்பெல்லி, கழுதைன்னு என்னைக் கூப்பிட்டதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். என்னைக் கட்டிக்கிறியா?

தெக்லா: ...சரி.

அமில்கரே: கேக்கலை.

தெக்லா: கேக்கலையா? இந்தக் காதுமா?

அமில்கரே: கேட்டுச்சு. இன்னொரு தடவை கேக்கணும்னு ஆசை.

தெக்லா: சரி, சரி, சரிய்யா கழுதை!

எவரிஸ்தோ: போச்சு! மூணாவது "சரி" கூரையில போய் இடிச்சுட்டு வந்துச்சு. ரேடியோல போயிடுச்சும்மா! கழுதையோட சேத்துப் போயிடுச்சு! தெற்குக் கோடி பாலெர்மோ வரைக்கும் கேட்டிருக்கும்!

அமில்கரே: ஜனங்க என்ன பண்றாங்க?

எவரிஸ்தோ: முதல்ல திகைச்சுப் போய்ட்டாங்க. இப்ப மாடி இடியற மாதிரி கைதட்டறாங்க. செத்ததுக்கு அப்புறமும் இப்படி ஒரு குரலான்னு ரேடியோக்காரர் உளறிட்டிருக்கார். மேஸ்ட்ரோ குச்சியைக் கீழ போட்டுட்டார்.

தெக்லா: அமில்கரே...

அமில்கரே: ம்?

தெக்லா: கப்பல் சீட்டை என்ன பண்றது?

அமில்கரே: இன்னொண்ணு வாங்கிடலாம். எனக்கும் அந்த மரத்தைப் பாக்கணும். அது என்ன மரம்னு தெரியாம எப்படித் தூங்கறது?

தெக்லா: அமில்கரே... இந்தப் பக்கம் உருண்டதுல ஓரத்துல இருக்கிற கயிறு எனக்குத் தெரியுது.

அமில்கரே: அப்படியா... கண்ணை மூடிக்கோயேன். நீ செத்தவ.

தெக்லா: கப்பியில ஒண்ணும் சிக்கலை. கயிறு நேரா தொங்குது. ப்ரிமோ முக்காலி போட்டு உக்காந்து சாப்பிட்டுட்டிருக்கான்.

அமில்கரே: என்ன சாப்பிடறான்?

தெக்லா: ஹாம். ஒரு முழுப் பன்றித்தொடையை மடியில வெச்சு, கத்தியால சீவிச் சீவித் தின்னுட்டிருக்கான்.

அமில்கரே: ...அது நான் குடுத்தது. இன்னிக்கு மட்டும் திரையைக் கொஞ்சம் பொறுத்து இறக்குடான்னு சொல்லி. நீ செத்தாத்தானே என் பக்கத்துல பேசாம படுத்திருப்பே? எழுந்தா போயிடுவே. கோவமா?

தெக்லா: அவன் ஹாமை மட்டும் சாப்பிடலை. தொட்டுக்க சீஸ் இருக்கு. பெரிய உருளை.

அமில்கரே: சீஸ் நான் குடுக்கலையே.

தெக்லா: தெரியும். அது நான் குடுத்தது.

அமில்கரே: தெக்லா!

தெக்லா: கத்தாதே. மேயர் சம்சாரம் பாக்கிறா. வியாழக்கிழமைக்குள்ள உன்னை எங்க பிடிச்சு நிறுத்தி வெச்சுக் கேக்கறது, சொல்லு? ஆனா ஒண்ணு, ஹாம், சீஸ் ரெண்டுக்கும் மேல ஒயினும் குடுத்தியே, அது அதிகம்.

அமில்கரே: எந்த ஒயின்?

தெக்லா: காலடியில இருக்கே, அந்த ஜாடி. உன்னோடது இல்லையா?

அமில்கரே: சத்தியமா இல்லை. உன்னோடது இல்லையா?

எவரிஸ்தோ: ...ஒயின் எங்க வீட்டுதும்மா. உங்க ரெண்டு பேருக்கும் தூது போய்ப் போய் தொண்டை வறண்டது எனக்கு. குடிக்கிறது என்னவோ அவன்!